அம்மாவின் பெயரில் ஒரு திரைச்சீலை

ஊசியும் நூலுமாக வாழ்கிறவர்கள் பலர் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். உங்களை மனத்தில் வைத்துத்தான் இந்தப் பொருளை எடுத்துக்கொண்டேன். யூதக் குடும்பம் ஒன்றில் ஒருவர் இறந்துபோனால், அவர் நினைவாக ஜெப ஆலயத்துக்குச் சித்திரத் தையல் துணி ஒன்றைச் செய்வித்துக் கொடுக்கும் வழக்கம் உண்டு. அந்தத் துணியை எப்படித் திட்டமிடுகிறார்கள், எதை வைக்கிறார்கள், எதை விடுகிறார்கள் என்பதைத்தான் இன்று பேசப்போகிறேன்.

முதலில் இடத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெப ஆலயத்தில் எருசலேமை நோக்கிய சுவரில் ஒரு பேழை இருக்கும். தோலில் கையால் எழுதப்பட்ட தோராச் சுருள்கள், அதாவது மோசேயின் ஐந்து நூல்கள், அதற்குள் நிற்கும். பேழைக்கு முன் ஒரு திரைச்சீலை; எபிரேயத்தில் அதன் பெயர் பரோகெத். சுருள் இரண்டு மரத்தண்டுகளில் சுற்றப்பட்டிருக்கும். அது அவிழாமல் இருக்க ஒரு நீளமான கட்டுத்துணி. அதன்மேல் ஒரு மேலங்கி. வாசிக்கும் மேடைக்கு ஒரு விரிப்பு. குடும்பங்கள் நினைவுக் கொடையாகத் தருவது பெரும்பாலும் இந்த நான்கில் ஒன்று.

இந்தக் கலைக்கு வேர் யாத்திராகமத்தில் இருக்கிறது. வனாந்தரத்துக் கூடாரத்துக்கு இளநீலம், இரத்தாம்பரம், சிவப்பு நூல்களில் திரை செய்யச் சொல்லும் பகுதியை நம்மில் பலர் படித்திருப்போம். அந்த வேலைக்குத் தலைமை ஏற்ற பெசலெயேல் பெயர் எல்லோருக்கும் தெரியும். அவனோடு வேலை செய்த அகோலியாபை யாத்திராகமம் சித்திரத் தையல்காரன் என்றே சொல்கிறது. நூல் நூற்ற பெண்களையும் அது மறக்கவில்லை. வேதத்தில் பெயர் சொல்லிப் போற்றப்பட்ட தொழில் இது என்ற பெருமிதம் இன்றைக்கும் இந்த வேலை செய்கிறவர்களிடம் உண்டு.

இந்தத் துணிகள் காட்சிக்கு வைப்பவை என்ற எண்ணத்தை விட்டுவிட்டுத்தான் மற்றதைப் பேச முடியும். திங்கள், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் சுருளை எடுத்து வாசிக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் திரையை இழுக்க வேண்டும், மேலங்கியைக் கழற்ற வேண்டும், கட்டை அவிழ்க்க வேண்டும், வாசித்து முடித்ததும் திரும்ப உடுத்த வேண்டும். சுருள் சபைக்கு நடுவே வலம் வரும்போது மக்கள் தங்கள் பிரார்த்தனைச் சால்வையின் நுனியாலோ புத்தகத்தாலோ மேலங்கியைத் தொட்டு, அந்த நுனியை முத்தமிடுகிறார்கள். பத்துப் பன்னிரண்டு கிலோ இருக்கும் சுருளை ஒருவர் மார்போடு அணைத்துத் தூக்கி வருவார். அத்தனை கைகள் படும் துணியில்தான் அம்மாவின் பெயரோ அப்பாவின் பெயரோ இருக்கப்போகிறது. இந்த நினைவுச் சின்னம் நாளுக்கு நாள் தேயும். தேய்வதற்கென்றே செய்து கொடுப்பது அது. இந்த எண்ணத்தை ஏற்றுக்கொள்ளும் குடும்பம்தான் நல்ல துணியைச் செய்விக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

சரி, பெயர் பொறிக்கலாமா? கொடுத்ததைச் சொல்லிக்காட்டுவது தகுமா என்ற கூச்சம் எந்தச் சமயத்திலும் எழக்கூடியதுதான். 13ஆம் நூற்றாண்டுப் பார்சிலோனாவில் வாழ்ந்த ரபி சாலமோன் இப்னு ஆத்ரெத் இதற்கு விடை எழுதினார். 16ஆம் நூற்றாண்டில் கிராகோவ் நகரத்து ரபி மோசே இசர்லெஸ் அதையே சட்டக் குறிப்பாக்கினார். தருமம் செய்தவன் தற்பெருமை பேசக்கூடாது; ஆனால் ஒரு பொருளைக் கொடையாக அர்ப்பணிப்பவன் அதில் தன் பெயரை நினைவுக்காகப் பொறிக்கலாம், அப்படிச் செய்வதே முறை என்பது அதன் சாரம். பெயர் இல்லாவிட்டால் யார் கொடுத்தது, எதற்குக் கொடுத்தது என்பது இரண்டு தலைமுறையில் மறைந்துபோகும். பின்னால் வருகிறவர்கள் அதை வேறு எதற்காவது மாற்றிவிடவும் கூடும்.

அந்த அனுமதியின் பலனைப் பிராகாவில் பார்க்கலாம். அந்த நகரத்தின் பெரும் செல்வரான மொர்தெகாய் மைசெல் தன் மனைவி ஃபுரூமெத்தோடு சேர்ந்து 1592இல் கொடுத்த திரைச்சீலை அங்குள்ள யூத அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கிறது. அதே நகரத்தில் பெர்ல்ஸ்டிக்கர் என்ற குடும்பம் இருந்தது. முத்துத் தையல்காரர் என்பதே அந்தக் குடும்பப் பெயரின் பொருள். வெனிஸில் மெனாகெம் லேவி மெஷுல்லாமியின் மனைவி சிம்ஹா, 1681 வாக்கில் பட்டும் சரிகையும் கொண்டு ஒரு திரையைத் தைத்து, அதில் சீனாய் மலையைக் காட்டித் தன் பெயரையும் வைத்தாள். அது இப்போது நியூயார்க்கின் யூத அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்தக் காலத்து வெனிஸில் எத்தனையோ பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களில் இவள் பெயரை இன்று நாம் சொல்கிறோம் என்றால் அதற்கு அவள் ஊசிதான் காரணம். வாசிக்கும் இடத்தில் பெண்களுக்குப் பங்கு இல்லாத காலத்தில், வாசிக்கப்படும் சுருளை உடுத்தும் வேலை அவர்கள் கையில் இருந்தது.

அடுத்தது உடையின் கதை. இதுதான் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதி, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

ஒட்டோமான் பேரரசில் வாழ்ந்த யூதக் குடும்பங்களில் மணப்பெண்ணுக்கு வெல்வெட்டில் பொன் சரிகை வேலை செய்த நீண்ட உடுப்பு தைப்பார்கள். அட்டையில் பூ, இலை, கொடி என்று வெட்டி, துணிமேல் வைத்து, அதன்மேல் சரிகையைப் படியவைக்கும் வேலை. விலை மிகுந்தது. வாழ்நாளில் சில முறைதான் உடுத்துவாள். அவள் இறந்தபின் அந்த உடுப்பை ஜெப ஆலயத்துக்குக் கொடுத்து, அதைத் திரைச்சீலையாகவோ சுருளின் மேலங்கியாகவோ மாற்றி, அவள் பெயரைத் தைத்துவைப்பார்கள். படுக்கை விரிப்புகளும் இப்படி மாறியிருக்கின்றன. அருங்காட்சியகங்களில் அந்தத் திரைகளைக் கூர்ந்து பார்த்தால், முன்பு அது ஒரு பெண்ணின் உடலைச் சுற்றியிருந்தது தெரியும். பூங்கொடி திரையின் நடுவே நேராக ஏறாமல் இடுப்புக்கு வளைந்ததுபோல் வளையும். இணைப்புத் தையல் எதிர்பாராத இடத்தில் ஓடும். நம் பக்கத்து ஊரான கொச்சியிலும் யூதப் பெண்கள் விழாக்களுக்கு உடுத்திய நல்ல முண்டுகள் பேழைத் திரைகளாக மாறியதுண்டு.

இதற்கும் சட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. மனிதர் பயன்படுத்திய பழம்பொருளில் தோராவுக்கு மேலங்கி செய்யக்கூடாது என்று நான் சற்றுமுன் சொன்ன அதே இசர்லெஸ் எழுதியிருக்கிறார். பிற்கால உரையாசிரியர்கள் வழி கண்டார்கள். பழைய வடிவம் மாறிப் புது வடிவம் வந்தால் செய்யலாம் என்றார்கள். அதற்கு அவர்கள் காட்டிய சான்று யாத்திராகமத்தில் உள்ள வெண்கலத் தொட்டி. கூடாரத்தின் அந்தத் தொட்டி பெண்களின் முகம் பார்க்கும் கண்ணாடிகளை உருக்கிச் செய்யப்பட்டது.

இன்று ஒரு குடும்பம் அம்மாவின் திருமண உடுப்போடு ஒரு தையல் கலைஞரிடம் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். "அதைக் கெடுக்காமல் ஏதாவது செய்து கொடுங்கள்" என்றுதான் கேட்பார்கள். கெடுக்காமல் முடியாது. கத்தரிக்கோல் போட்டாக வேண்டும். உடுப்பு என்று யாரும் அடையாளம் காண முடியாதபடி அது திரையாக வேண்டும். உடுப்பாகவே அது நீடிக்க வேண்டும் என்றால் வீட்டில் அலமாரியில் வைத்துக்கொள்ளலாம், அதில் ஒரு தவறும் இல்லை. ஜெப ஆலயத்துக்குக் கொடுப்பதென்றால் நம்முடையது என்ற பிடியை விட்டுவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். துணியை வெட்டும்போது பிள்ளைகளை அருகில் இருக்கச் சொல்வது நல்லது என்று நினைக்கிறேன். அந்த நேரத்துக் கண்ணீரும் அந்த வேலையின் ஒரு பகுதிதான்.

இனி எழுத்து வேலை. இறந்தவரின் எபிரேயப் பெயரைத்தான் தைப்பார்கள், இன்னாரின் மகன், இன்னாரின் மகள் என்று பெற்றோர் பெயரோடு. பேரப்பிள்ளைகளுக்குத் தாத்தாவின் எபிரேயப் பெயர் தெரியாமல் போயிருக்கும். கல்லறைக் கல்லிலோ பழைய திருமண ஒப்பந்தத்திலோ தேடினால் கிடைக்கும். தேதியும் எபிரேய நாட்காட்டிப்படிதான் வரும். நம் வீடுகளில் திதி பார்ப்பதுபோல, அவர்களும் இறந்த நாளைச் சந்திர மாதக் கணக்கில்தான் ஆண்டுதோறும் நினைக்கிறார்கள். எபிரேய எழுத்துகளுக்கு எண் மதிப்பு உண்டு என்பதால், பழைய திரைகளில் ஆண்டை நேராக எழுதாமல், ஒரு வேத வரியில் சில எழுத்துகளுக்கு மேல் புள்ளி வைத்துவிடுவார்கள். அவற்றைக் கூட்டினால் ஆண்டு வரும். கல்லறைக் கற்களில் காணும் ஐந்தெழுத்துச் சுருக்கம் ஒன்றும் துணியில் இடம்பெறும். இறந்தவரின் உயிர் உயிருள்ளோரின் கட்டில் சேர்ந்திருக்கட்டும் என்ற வேண்டுதல் அது. கடவுளின் நான்கெழுத்துப் பெயரை முழுதாகத் தைக்கமாட்டார்கள், அதற்குப் பதில் எழுத்துகள் உண்டு.

மனித உருவம் வைப்பதைப் பெரும்பாலும் தவிர்ப்பார்கள். அப்பாவின் முகத்தைத் தைக்க வேண்டும் என்று ஒரு மகன் கேட்டால் மறுக்கத்தான் வேண்டும். இரண்டு சிங்கங்கள், நடுவில் கிரீடம், பக்கத்தில் இரண்டு தூண்கள் என்பது பழைய மரபு. அதைவிட்டு வெளியே வரவும் நிறைய இடம் இருக்கிறது. கோதுமை, வாற்கோதுமை, திராட்சை, அத்தி, மாதுளை, ஒலிவம், பேரீச்சை என்ற ஏழு விளைபொருள்கள் இருக்கின்றன. தோட்டம் போட்டு வாழ்ந்த ஒரு அம்மாவுக்கு ஒரு மாதுளைக் கிளை போதும். அவர் வாழ்ந்த வாழ்க்கை முழுவதையும் ஒரே துணியில் ஏற்ற நினைக்கும் குடும்பங்கள் உண்டு. அவர் வாசித்த வயலின், பிறந்த ஊர், பிடித்த பறவை என்று எல்லாம் வேண்டும் என்பார்கள். பத்தாண்டு கழித்து அவரை அறியாத ஒருவர் அந்தத் திரைக்கு முன் நின்று ஜெபிக்க வேண்டும். அவருக்கு அது தோராவின் திரையாகத் தெரிய வேண்டும்.

அளவு எடுப்பதில் ஒரு நுணுக்கம் உண்டு, தையல் தெரிந்த உங்களுக்குப் பிடிக்கும். வாசிப்பு ஆண்டு தொடங்கும் அக்டோபர் வாக்கில் சுருளின் ஒரு தண்டு பருத்திருக்கும், மற்றது மெலிந்திருக்கும். வாசிக்க வாசிக்கத் தோல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகும். லேவியராகமத்தை வாசிக்கும் மார்ச், ஏப்ரல் வாக்கில் இரண்டும் ஏறக்குறையச் சமமாகும். இரண்டும் சமமாக இருக்கும்போதுதான் சுருளின் மொத்த அகலம் அதிகம். தண்டுகளுக்கு இடையிலான தூரமும் அதிகம். அக்டோபரில் அளவெடுத்து இறுக்கமாகத் தைத்த மேலங்கி ஏப்ரலில் ஏறாது. மேலே தண்டுகள் வெளிவரும் இரண்டு துளைகளையும் அதனால் கொஞ்சம் நீளவாட்டில் விட வேண்டும்.

சரிகையை ஊசியில் கோத்துத் துணிக்குள் இழுத்தால் உரிந்துபோகும். உள்ளே பட்டுநூல், வெளியே அதைச் சுற்றிய மெல்லிய உலோகத் தகடு. அதனால் இரண்டிரண்டு இழையாகத் துணியின்மேல் படுக்கவைத்து, மெல்லிய பட்டுநூலால் குறுக்கே கட்டிக்கொண்டு போக வேண்டும். ஒரு வரிசையின் கட்டும் அடுத்த வரிசையின் கட்டும் இடம் மாறி விழ வேண்டும்; இல்லாவிட்டால் கோடு விழுந்ததுபோல் தெரியும். எழுத்தின் மூலையில் இழையை வளைத்துத் திருப்பினால் மூலை உருண்டுவிடும். எபிரேயத்தில் தாலெத், ரேஷ் என்ற இரண்டு எழுத்துகளுக்கு வேறுபாடே அந்த மூலைதான். கூராக இருந்தால் தாலெத், உருண்டால் ரேஷ். தாவீது என்ற பெயரில் இரண்டு தாலெத் வருகிறது. சோம்பல்பட்டு இழையை வளைத்தால் இறந்தவரின் பெயரே மாறிவிடும். மூலைக்கு மூலை இழையை வெட்டி, நுனியைப் பின்பக்கம் இறக்கி, மறுபடி தொடங்க வேண்டும்.

வெல்வெட்டின் மேல் நேராகத் தைத்தால் எழுத்து அதன் மயிருக்குள் புதைந்துபோகும். எனவே லினன் துணியில் தனியாகத் தைத்து, வெட்டி எடுத்து, வெல்வெட்டில் பதிப்பார்கள். இங்கே இன்னொரு கவனம் வேண்டும். கம்பளியும் லினனும் ஒரே துணியில் சேர்வதைத் தோரா விலக்குகிறது. பட்டு வெல்வெட்டோ பருத்தி வெல்வெட்டோ என்றால் கவலையில்லை. அடித்துணி கம்பளியாக இருந்தால் லினனைத் தவிர்த்து, அந்தச் சபையின் ரபியிடம் முன்னரே கேட்டுவிட வேண்டும். முடித்தபின் கேட்டுப் பயனில்லை.

கணினி இயந்திரத் தையல் இன்று எங்கும் வந்துவிட்டது, விலையும் குறைவு. அதை நான் குறைசொல்ல மாட்டேன், எல்லாக் குடும்பத்துக்கும் கைவேலைக்குப் பணம் இருக்காது. பின்னணிப் பூவேலையை இயந்திரத்துக்கு விட்டுவிட்டுப் பெயரை மட்டும் கையால் தைப்பது நல்ல வழி. அந்த மூன்று நான்கு எழுத்துகளில் குடும்பத்தார் ஆளுக்கு ஒரு கட்டுப் போடட்டும். நியூ ஜெர்சியின் மில்பர்ன் நகரில் 1951இல் ஒரு ஜெப ஆலயத்துக்கு அடோல்ஃப் காட்லீப் என்ற பெரிய ஓவியர் திரை வரைந்தார். தைத்தவர்கள் அந்தச் சபையின் பெண்கள்.

வெள்ளைத் துணியா, வண்ணத் துணியா என்ற கேள்வியும் வரும். புத்தாண்டு, பாவநிவிர்த்தி நாள் ஆகிய பெருநாட்களில் பல சபைகளில் பேழையும் சுருள்களும் வெள்ளை உடுத்தும். அந்த வெள்ளைத் தொகுதியைக் கொடுக்கத்தான் பல குடும்பங்களுக்கு ஆசை. கூட்டம் நிறைந்த நாள், எல்லோரும் பார்ப்பார்கள். நான் சாதாரண நாளின் துணியைக் கொடுங்கள் என்பேன். வியாழக்கிழமைக் காலையில் பத்துப் பேர் கூடும் நேரத்தில் அந்தப் பெயர் அங்கே இருக்கட்டும்.

மகிழ்ச்சிக்காகச் செய்த துணி நினைவுச் சின்னமாக மாறிய கதையையும் சொல்லியாக வேண்டும். ஜெர்மானிய யூதர்களிடம் விம்பெல் என்ற வழக்கம் இருந்தது. ஆண் குழந்தைக்கு விருத்தசேதனம் செய்யும்போது சுற்றிய லினன் துணியைத் துவைத்து, பட்டைகளாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, மூன்று மீட்டருக்கும் மேல் நீளமான கட்டுத்துணியாக்குவார்கள். குழந்தையின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த நாள், அவன் தோராவுக்கும் மணப்பந்தலுக்கும் நற்செயலுக்கும் வளரட்டும் என்ற வாழ்த்து எல்லாம் அதில் வண்ண நூலில் இருக்கும். குழந்தை முதன்முதல் ஜெப ஆலயம் வரும்போது அதைக் கொண்டுவந்து சுருளில் கட்டுவார்கள்.

நாஜிகள் ஆண்ட காலத்தில் பொகீமியா, மொராவியா பகுதிகளின் ஜெப ஆலயப் பொருள்கள் எல்லாம் பிராகாவில் குவிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கான திரைகள், மேலங்கிகள், இப்படிப்பட்ட கட்டுத்துணிகள். அவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து அட்டை எழுதியவர்கள் யூத அறிஞர்கள். ஊர்ப் பெயரும் கொடுத்தவர் பெயரும் எழுதிய அந்தக் கைகளில் பல, பிறகு முகாம்களுக்கு அனுப்பப்பட்டன. அந்த அறிஞர்களில் ஒருவரான ஹானா வொலாவ்கோவா உயிர் தப்பினார். போருக்குப்பின் பிராகாவின் யூத அருங்காட்சியகத்துக்கு இயக்குநரானார். அங்கே சேர்ந்த தோராச் சுருள்களில் 1,564 சுருள்கள் 1964இல் லண்டனின் வெஸ்ட்மின்ஸ்டர் ஜெப ஆலயத்துக்கு வந்தன. கட்டுத்துணிகளும் கூடவே வந்தன. அந்தச் சுருள்கள் இன்று உலகின் பல சபைகளில் இருக்கின்றன. அவற்றுக்குப் புது மேலங்கி தைக்கும்போது, சுருள் வந்த ஊரின் பெயரையும் சேர்த்துத் தைக்கிறார்கள். அங்கே குடும்பம் இல்லை, நினைக்க ஆள் இல்லை; வேறு நாட்டில், வேறு ஊரில் ஒரு சபை அந்த ஊருக்குக் குடும்பமாகிறது.

நாஜிகள் கொன்ற ஆறு மில்லியன் யூதர்களுக்கு எப்படிப் பெயர் தைப்பது? நியூயார்க் யூத அருங்காட்சியகம் இந்தப் பணியை அன்னி ஆல்பர்ஸிடம் ஒப்படைத்தது. பௌஹவுஸ் கலைப்பள்ளியில் நெசவு கற்று, 1933இல் அமெரிக்கா போனவர் அவர். 1966, 67 ஆண்டுகளில் அவர் செய்துகொடுத்தது ஆறு நெடும்பலகைகள். 'ஆறு பிரார்த்தனைகள்' என்று பெயர். அது சித்திரத் தையல் இல்லை, நெசவு. பருத்தி, லினன், வெள்ளி இழை. எழுத்து ஒன்றுகூடக் கிடையாது. இழைகள் வளைந்து வளைந்து கையெழுத்துபோல் ஓடும்; படிக்க முடியாது. பெயரைத் தைப்பதைப் பற்றி இவ்வளவு பேசிய நான், பெயரே இல்லாத இந்த வேலையின் முன் தலைவணங்குகிறேன்.

கடைசியாக, துணி கிழிந்துபோன பிறகு. புனித நூலோடு இருந்த துணியைக் குப்பையில் போடக்கூடாது, புதைக்க வேண்டும். யூதச் சட்டத் தொகுப்பான தல்மூதில் மெகில்லா என்ற பகுதி இன்னொரு வழியும் சொல்கிறது. கிழிந்த சுருள் உறைகளை, அடக்கம் செய்ய ஆளில்லாமல் இறந்தவருக்குக் கோடித் துணியாக்கலாம். அதுவே அந்தத் துணிக்கு உரிய அடக்கம். ஒரு குடும்பத்தின் நினைவுக்காகத் தைத்த துணி, குடும்பமே இல்லாத ஒருவருக்கு இறுதியில் போய்ச் சேர முடியும் என்பதைச் சட்டமே முன்கூட்டி நினைத்திருக்கிறது. துணியைக் கொடுக்கும் அன்றே குடும்பத்தாரிடம் இதைச் சொல்லிவிட வேண்டும். சபை கலைந்தாலோ வேறொன்றோடு இணைந்தாலோ துணி எங்கே போக வேண்டும் என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

தைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வேலை முடிந்ததும் மிச்சமான வெல்வெட்டில் ஒரு துண்டு, அதே சரிகையில் சில முழம், கட்டிய பட்டுநூலில் ஒரு சுருணை, இவற்றை ஒரு சிறு பையில் போட்டு உள்துணிக்குப் பின்னால் தைத்துவிடுங்கள். கூடவே ஒரு பருத்தித் துண்டில் நூலின் நிற எண்ணையும், எந்த ஆண்டு தைத்தது என்பதையும், உங்கள் பெயரையும் எழுதிவையுங்கள். கைகள் பட்டு முதலில் நைவது மேலங்கியின் முன்பக்கம்தான். இருபது ஆண்டு கழித்து அதைப் பழுதுபார்க்கப்போகிறவருக்கு அந்தப் பை தேவைப்படும்.